தார்ப்பாய்க்குள் ஒளித்த பர்னர்

இன்று காலையில் சாரல் இறங்கியது. எதிர்வீட்டு அண்ணாச்சி சட்டைகூடப் போடாமல் தெருவில் வந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "சீசன் வந்துட்டுல்லா! ஐந்தருவில நல்லா தண்ணி விழுதாம். வாங்க, ஒரு குளியலப் போட்டுட்டு வருவோம்" என்றார். தென்காசியில் இந்த நாளில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள். நானும் பேசினவன்தான். ஆனால் இன்றைக்கு என் மூக்கில் ஏறியது வாசல் கேட்டின் வாடை. துருப்பிடித்த கம்பியில் சாரல் பட்டால் எழும்புமே, பழைய காசை வாயில் போட்டுக்கொண்டது போல ஒன்று, அந்த வாடை. குமட்டிக்கொண்டு வந்தது. வயிறு சரியில்லை என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. நேற்று மில்லில் உனக்காக நடந்த விழாவைப் பார்த்துவிட்டு வந்த அருவருப்புதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. நினைவுரை வாசிக்கச் சொல்லி என் கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். 'நிலக்கரியும் எரிவாயுவும் தொடாத பச்சை எஃகுக்காகத் தன்னை அர்ப்பணித்தவர்' என்று உன்னைப் பற்றி அதில் இருந்தது. எழுதியவன் உன்னைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டான். நீ படித்திருந்தால், "அர்ப்பணிச்சனாம்லா! சவத்து மூதி, எவம்லே இத எழுதுனது?" என்று கேட்டிருப்பாய். அந்தத் தாளை நான் வாசிக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது. உனக்குத் தெரிந்த கதையையும் சேர்த்தே எழுதுகிறேன். நீ போனபிறகு நடந்ததைச் சொல்ல அதுவும் வேண்டியிருக்கிறது.

நம்முடைய மில் அப்படியொன்றும் பெரியதில்லை. வாசுதேவநல்லூர் போகிற ரோட்டில் ஒரு கொட்டகை, ஒரு மின்சார உலை, சுற்றிலும் மலைபோலக் குவிந்த பழைய இரும்பு. அந்த ஸ்கிராப்பை உருக்கிப் பாளமாக வார்த்து விற்பது தொழில். படித்து முடித்த கையோடு இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்தோம். ராயகிரியிலிருந்து நீ பஸ்ஸில் வருவாய், தென்காசியிலிருந்து நான். நீ உலை, நான் சோதனைக் கூடம். நீ உருக்குவாய், அதில் கார்பன் இவ்வளவு, கந்தகம் இவ்வளவு என்று நான் சொல்லுவேன். சொன்னால் சண்டைக்கு வருவாய். "ஒம் மிஷினுக்குக் கண்ணு தெரியல, மொதல்ல அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடு" என்று கத்திவிட்டுப் போய், சற்றுப் பொறுத்து வேறொரு மாதிரியைத் தூக்கிக்கொண்டு நீயே வந்து நிற்பாய்.

உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஸ்கிராப் குவியலில் மேலே இருப்பதைத் தொடவே மாட்டாய். அடியில் கையை விட்டு ஒரு துண்டை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாய், ஈரம் இருக்கிறதா என்று. உருகிக் கிடக்கும் இரும்புக்குள் ஈரத்தோடு ஒரு துண்டு அமுங்கினால், தண்ணீர் அந்த நொடியே ஆவியாகி, உருகினதையெல்லாம் மேலே தூக்கி அடிக்கும். உலைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. கிரேன் ஓட்டுகிறவர்கள், "இன்சார்ஜ் இரும்புக்கு முத்தம் குடுக்காரு, வீட்டுல சொல்லட்டுமா?" என்று கேலி செய்வார்கள். "சொல்லுங்கலே, அவ சந்தோசப்படுவா, முழுசா வீட்டுக்கு வாரம்லா" என்பாய். முகத்தில் துருக்கறையோடுதான் எப்போதும் சாப்பிட உட்காருவாய். நான் முகம் சுளித்தால் வேண்டுமென்றே என் சோற்றுப் பக்கமாகக் குனிவாய்.

கரி இல்லாமல் இரும்பு செய்யவேண்டும் என்ற கிறுக்கு உனக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். ஸ்கிராப்போடு சேர்க்க நாம் கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான ஒரு இரும்பை வெளி மாநிலத்திலிருந்து வாங்குகிறோமே, அதைச் செய்கிற ஆலைக்கு நம் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். தாதுக் கல்லையும் நிலக்கரியையும் ஒன்றாகப் போட்டுச் சுடுகிறார்கள். கல்லில் ஒட்டியிருக்கிற ஆக்சிஜனைக் கரி பிடுங்கிக்கொண்டு போனால்தான் இரும்பு மிஞ்சும். ஊருக்குள் நுழையும்போதே மரமெல்லாம் கறுத்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் கொடியிலிருந்து பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையை எடுத்து உதறினாள். மாவு பறந்தது போலக் கரி பறந்தது. அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, பழகிப்போயிருந்தது. நீ வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் வாந்தி எடுத்தாய். உனக்குப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். திரும்பி வரும் ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: "நம்ம காம்பவுண்டுக்கு வெளிய எரிஞ்சா அது நம்ம பொகை இல்லையாலே?"

அதன்பிறகு நீ சும்மா இருக்கவில்லை. கொட்டகையின் மூலையில் ஒரு குழாய் உலையை வைத்துக்கொண்டு, கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனை விட்டுத் தாதுக் கல்லை இரும்பாக்கிப் பார்த்தாய். கரி பிடுங்கினால் புகை, ஹைட்ரஜன் பிடுங்கினால் வெறும் தண்ணீர். எத்தனையோ தடவை வெறும் தூளாக உதிர்ந்தது. கடைசியில் ஒரு நாள் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. நரைத்த நிறத்தில், ஓட்டை விழுந்து, பார்க்கவே கண்றாவியாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகை முழுக்க ஓடினாய். "பாருங்கலே, கரி தொடாத இரும்பு!" என்று வாட்ச்மேன் வரைக்கும் காட்டினாய். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். "இந்த சிலிண்டர்ல இருக்க ஹைட்ரஜன எதுலலே எடுக்கான்?" என்று கேட்டேன். சிலிண்டர் தருகிறவனுக்கு அங்கேயே போன் போட்டாய். எரிவாயுவை உடைத்து எடுக்கிறோம் சார் என்றான் அவன். நீ அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். "நெலக்கரிய வாசல்ல வெரட்டுனா, அவன் தம்பி கொல்லப்பக்கமா வந்து உக்காந்திருக்காம்லே."

அந்தக் கட்டியை என்னிடம் கொடுத்து, "வச்சுக்க. தண்ணிய ஒடச்சு எடுத்த ஹைட்ரஜன்ல ஒண்ணு செஞ்சு தாரேன், அன்னிக்கு இதத் தூரப் போட்டுரு" என்றாய். அது இன்னமும் என் மேஜையில்தான் இருக்கிறது.

உலையில் கார்பன் ஏற்ற நாம் போடுவது பெட்ரோலியக் கழிவில் செய்த கரி என்பதும் உனக்கு உறுத்தியது. செங்கோட்டைப் பக்கம் தேங்காய்க் களங்களில் சிரட்டைக் கரி வாங்கி வந்தாய். மேலே தூவினால் அது காற்றில் எழும்பிப் பொறியாகப் பறந்தது. எல்லார் மூஞ்சியும் கரிச்சட்டி. பெருக்குகிற அக்கா உன்னைப் பார்த்து, "ஏன்யா, ஒமக்கு வேற சோலி இல்லையா?" என்று திட்டினாள். பிறகு சிரட்டைக் கரியை அடியில் போட்டு, மேலே கனத்த இரும்பை வைத்து உருக்கினாய். என் மிஷினில் கார்பன் சரியாக வந்தது. அந்த ஒன்றில் ஜெயித்தாய். ஆனாலும் சிரட்டை சுடுகிற குழிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்கனயும் பொகைதாம்லே, பொம்பளையாளுவ இருமிக்கிட்டே கெடக்காவ" என்று வருத்தப்பட்டாய். கண்ணில் பட்டதை மறைக்கத் தெரியாதவன் நீ. உன்னோடு பெரிய ரோதனை அது.

நாம் அருவிக்குப் போன ஒரு நாள் நினைவிருக்கிறதா? ஆனி மாதம். குளித்து நடுங்கிக்கொண்டே, பார்டர் கடையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தோம். கணவாய்ப் பக்கமிருந்து காற்று தள்ளியது. சமவெளி முழுக்கக் காற்றாலைகள் சுற்றின. அந்தக் காற்று மின்சாரத்தில்தான் நம் உலை ஓடுகிறது என்று முதலாளி புதிதாகச் சொல்ல ஆரம்பித்திருந்த நேரம். நீ கோழிக்காலை ஆட்டிக்கொண்டே சொன்னாய்: "காத்தும் சாரலும் ஒரே வாசல்லதாம்லே வருது. ஒண்ணு ஒலைக்குக் கரண்டு குடுக்கு, ஒண்ணு ஸ்கிராப்ப நனைக்கு. சீசன் முடிஞ்சா ரெண்டும் போயிருது. அப்புறம் தூத்துக்குடி நெலக்கரில வார கரண்டுதான்." பிறகு எலும்பை வைத்துவிட்டு, "அத வெளிய சொல்லணும். இவ்வளவு முடிஞ்சுருக்கு, இவ்வளவு முடியலன்னு சொல்லணும். பொகைய மறைக்கவன் ஒருநாளும் அதக் கொறைக்க மாட்டான்" என்றாய். நான், "தின்னுலே, ஆறிரும்" என்றேன்.

முதலாளி சொன்னது வேறு. ஒரு கையேடு அச்சடித்தார். அட்டையில் அருவி, பின்னட்டையில் காற்றாலை, நடுவில் ஒரு பச்சை இலை. வெளியே இருந்து வாங்குகிற கரி இரும்பைப் பற்றி ஒரு வரி இல்லை. சீசன் இல்லாத மாதங்களின் மின்சாரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் பச்சை எஃகுக்குக் கூடுதல் விலை தருகிறார்களாம், வாங்குமுன் மில்லைப் பார்க்க வருவார்களாம். மறைக்க முடியாமல் நின்றது ஒன்றே ஒன்றுதான்: உன் பர்னர். ஸ்கிராப்பை உலையில் போடுமுன் தீயில் காட்டி ஈரத்தைப் போக்குகிற அந்தக் கேஸ் பர்னர். சீசன் முழுக்க அது நாள்பூராவும் எரிந்தாக வேண்டும். அதன் நெருப்பும் புகையும் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

முதலாளி உன்னைக் கூப்பிட்டுப் பேசியபோது நானும் கூட இருந்தேன்.

"என்னய்யா இன்சார்ஜ், கெஸ்ட் வாரப்ப அந்தத் தீயக் காட்டணுமா?"

"அந்தத் தீ இருக்கப் போய்த்தான் மொதலாளி நாங்க உசுரோட இருக்கோம்."

"வேற வழியே கெடையாதா?"

"இருக்கு மொதலாளி. கரண்டுல ஓடுற டிரையர் ஒண்ணு போடணும். படம் போட்டு வச்சிருக்கேன். அதுவரைக்கும் பர்னர் எரியட்டும். கேட்டா, இன்னும் இதுக்கு வழி பண்ணல, பண்ணிக்கிட்டு இருக்கோம்னு சொல்லுவோம். உள்ளதச் சொல்ல என்ன?"

"அடுத்த வருசம் பாப்போம்" என்றார். டிரையர் வரவில்லை. விருந்தாளிகள் நின்று உலையைப் பார்க்க ஏசி போட்ட கண்ணாடி மாடம் ஒன்று வந்தது. அதற்குமட்டும் அடுத்த வருசம் என்று சொல்லவில்லை.

விருந்தாளிகளை எப்போது கூப்பிடுவது என்ற பேச்சு வந்தது. நம் ஊர்க்காரன் புத்தி என்ன சொல்லும்? கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தாலும், ஆபீஸ் பார்க்க அதிகாரி வந்தாலும், சீசனில் கூப்பிட்டு ஒரு அருவிக் குளியல் போட வைத்தால்தான் நமக்கு மரியாதை. "சீசன்ல கூப்பிடுங்க, குளிச்ச சந்தோசத்துல கையெழுத்துப் போட்டுருவாங்க" என்று மேனேஜர் சொன்னார், எல்லாரும் தலையாட்டினார்கள். வருஷத்திலேயே ஸ்கிராப் அதிகமாக நனைந்து கிடக்கிற நாளைப் பார்த்து விருந்து வைத்தார்கள். பர்னரைக் கழற்றிக் கோடவுனுக்குள் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அது நின்ற இடத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக வைத்தார்கள்.

நீ கத்தினாய். வேலையை விடுகிறேன் என்றாய். கடைசியில், கொட்டகைக்குள் கூரையடியில் கிடந்த காய்ந்த ஸ்கிராப்பை மட்டும் போட்டு ஒரே ஒரு வார்ப்பு எடுத்துக் காட்டுவது என்று ஒத்துக்கொண்டார்கள். அதில் ஒவ்வொரு துண்டையும் நீயே கன்னத்தில் வைத்துப் பார்த்தாய்.

அன்றைக்கு உலை சரியான நேரத்துக்கு உருகித் தயாராக இருந்தது. விருந்தாளிகள்தான் வரவில்லை. அருவியை விட்டு எழுந்து வர மனசில்லையாம். உருகினதை உலையிலேயே ஆறவிடாமல் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். போன் மேல் போன். "இன்னா கெளம்பிட்டாங்க, மசாஜ் மட்டும் முடிச்சுட்டு வந்துருதாங்க" என்றார் மேனேஜர். ஒருவழியாக வந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்கள், தலையெல்லாம் ஈரம். உலை முக்கால்தான் நிறைந்திருந்தது. நிறைந்து வழிகிற மாதிரி இருந்தால்தானே படம் நன்றாக வரும்? காய்ந்த ஸ்கிராப் தீர்ந்துவிட்டது என்று நீ சொன்னாய். இது போதும், வார்த்துவிடலாம் என்றும் சொன்னாய். நீ வார்ப்பு வேலையைப் பார்க்கத் திரும்பின நேரத்தில் மேனேஜர் கிரேனுக்குக் கைகாட்டியிருக்கிறார். யார்டில் சாரலில் நின்ற லாரியிலிருந்து ஒரு தகரப் பண்டில். பழைய தகரத்தை நசுக்கிக் கட்டின கட்டு. மேலே பளபளவென்று இருந்ததாம், அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார்களாம். உள்ளே மடிப்புக்கு மடிப்பு தண்ணீர்.

நான் சோதனைக் கூடத்து வாசலில் நின்றேன். நீ அண்ணாந்து பார்த்துவிட்டு, உலை மேடைமேல் ஓடி, இரண்டு கையையும் ஆட்டி, "ஏலே வேண்டாம், வேண்டாம்லே!" என்று கத்தினது கேட்டது. பண்டில் அதற்குள் கிரேனின் பிடியை விட்டுப் போயிருந்தது. அதற்குப்பின் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. கண்ணாடி மாடத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதைமட்டும் எழுதுகிறேன்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மேனேஜர் சொன்னது, "அவர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்." த்தூ! நடந்ததை நான் எழுதிக் கொடுத்தேன், கிரேன் ஓட்டினவரும் சொன்னார். அது எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது, இன்னும் நடக்கிறது என்கிறார்கள். ஒரு நல்லது நடந்தது. பர்னரைத் திரும்பக் கொண்டுவந்து பொருத்தச் சொல்லி உத்தரவு வந்தது. கார்த்திகை மழையிலும் அது எரிந்தது. உன் இடத்துக்கு வந்திருக்கிற பையன்கள் அதில் குளிர்காய்வார்கள். அந்தத் தீயைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

போன வாரம் யார்டு பக்கம் போனேன். பர்னர் இல்லை. அதே இடத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள்.

கோடவுனுக்குள் ஓடிப் பார்த்தேன். அதே தார்ப்பாய். மேனேஜர் அறைக்குள் செருப்போடு நுழைந்து, "என்ன செய்தீங்க?" என்று கேட்டேன்.

"அதே கெஸ்ட்தான் சார் திரும்ப வாராங்க. அன்னிக்குப் பாக்க முடியாமப் போச்சுல்லா. ஒங்க பிரெண்டு பேர்லதான் புது உலைக்கே பேரு வைக்கோம். படத்தத் தொறந்து வச்சு, அவரு வீட்டம்மாவ வெளக்கேத்தச் சொல்லிருக்கோம். நீங்க நாலு வார்த்த நல்லதாப் பேசுங்க."

"ஈரத்துல போட்டா என்ன ஆவும்னு ஒமக்குத் தெரியாதா?"

"ஒரு நாள்தான சார்" என்றார் அந்த மனுஷன். ஒரு நாள்தானே! உன்னைக் கொண்டுபோனதும் ஒரு நாள்தான். முதலாளியிடம் போனேன். "எமோஷனல் ஆகாதீங்க, இது அவரோட கனவு" என்றார். உன் கனவாம்! உன் கனவு தண்ணீரை உடைத்து எடுத்த ஹைட்ரஜன், கரண்டில் ஓடுகிற டிரையர், சட்டை காயப்போட்டால் கறுக்காத ஒரு ஊர். அதையெல்லாம் கையால் தொடாமல், உன் பெயரை மட்டும் உரித்து எடுத்துத் தோரணம் கட்டுகிறார்கள். புகையோடு தொழில் செய்கிறவன்மேல்கூட எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. அவன் புகையை நாலு பேர் பார்க்க விடுகிறான்.

அன்று சாயங்காலம் வசந்தாவைப் பார்க்கப் போனேன். உன் மனைவி தென்காசியில் தையல் கடை போட்டிருக்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. நீ போனபிறகு ஆரம்பித்தது. சாரலில் எதுவும் காயாது என்று கடைக்குள்ளேயே கொடி கட்டி, தைத்து அலசின துணிகளைப் போட்டிருந்தாள். நான் பர்னர் விஷயத்தைச் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டாள். சொல்லி முடித்ததும் நிறுத்தினாள்.

"இப்ப அங்கன வேல பாக்கது யாரு அண்ணே?"

சொன்னேன். உன்னிடம் வேலை பழகின பையன்கள்தான். அதில் ஒருவனுக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது.

எழுந்து கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்தாள். "மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். மடிப்புல ஈரம் போவாது. அவிய இதத்தான் வீட்டுல தெனமும் சொல்லிக்கிட்டே இருப்பாவ" என்றாள். பிறகு, "நான் வாரேன் அண்ணே. வெளக்கேத்த வாரேன்னு சொல்லிருங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இவளையும் பேசிச் சரிக்கட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன்.

நேற்று யார்டில் பந்தல். உன் படத்துக்கு ரோஜா மாலை. மூலையில் அந்தப் பச்சை இலையையும் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஆளுயரக் குத்துவிளக்கு. விருந்தாளிகள் இந்தத் தடவை குளியலைப் பிறகு வைத்துக்கொண்டு நேரத்துக்கு வந்திருந்தார்கள். பந்தலுக்கு வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. உலையில் இரும்பு உருகிக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு வெளியே லாரி. லாரியில் பண்டில்கள். நான் உன் படத்தைப் பார்க்கவில்லை, அந்த லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வசந்தாவைக் கூப்பிட்டார்கள். மெழுகுத்திரியைப் பற்றவைத்துக் கையில் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். விளக்குப் பக்கம் போகவில்லை. முதலாளியைப் பார்த்து, சத்தம் போடாமல், வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"மொதல்ல அங்கன பர்னரப் பத்த வைங்க. அது எரியட்டும். அப்புறமா நான் இத ஏத்துதேன்."

முதலாளி சிரித்தபடியே அவள் அருகில் குனிந்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கிடலாம்மா. கெஸ்ட் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"பாக்கட்டும். அதுக்குத்தான சொல்லுதேன்."

வெளிநாட்டுக்காரர்களில் ஒருவர் என்னவென்று கேட்டார். மேனேஜர் ஆங்கிலத்தில், அவங்க கணவர் நினைவில் கலங்கிப் போயிருக்காங்க என்று சொல்லிவைத்தார். மைக் என் கையில்தான் இருந்தது, நினைவுரைக்காகக் கொடுத்தது. வசந்தா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பர்னர் எது, ஏன், இப்போது எங்கே கிடக்கிறது, போன வருஷம் உலையில் விழுந்தது எந்த லாரியிலிருந்து வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். வெளியிலிருந்து வாங்குகிற இரும்பு எப்படிச் செய்யப்படுகிறது, சீசன் முடிந்தால் கரண்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொன்னேன். சிரட்டைக் கரியில் நீ ஜெயித்ததையும் சொன்னேன். அதை விட்டுவிட்டால் நீ என்னை விடமாட்டாய்.

வசந்தா திரியைப் பிடித்தபடி நின்றாள். மெழுகு உருகி அவள் விரலில் விழுந்தது, அவள் கையை மாற்றவில்லை. அப்போது உன் பையன்கள், யாரிடமும் கேட்காமல், உலையின் கரண்டை இறக்கிவிட்டு, கோடவுனைப் பார்த்து நடந்தார்கள். கிரேன் ஓட்டுகிறவர் கேபினிலிருந்து இறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டார். தார்ப்பாயை இழுத்தார்கள். குரோட்டன்ஸ் தொட்டிகளைக் காலால் தள்ளினார்கள். பொருத்தி, குழாய் மாட்டி, பற்றவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் விருந்தாளிகள் பந்தலைவிட்டு வெளியே வந்து தூறலில் நனைந்துகொண்டே நின்றார்கள். தீ முதலில் இருமிவிட்டுப் பிறகு நீலமாக நின்றது. ஈரப் பண்டில் ஒன்றை அதன்முன் வைத்ததும் குபுகுபுவென்று ஆவி. எல்லாரும் ஒரு அடி பின்னால் போனார்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் நேராக உலைக்குள் போக இருந்தது.

பிறகு வசந்தா விளக்கை ஏற்றினாள்.

வாங்க வந்தவர்கள் என்ன முடிவு செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. அதில் ஒரு அம்மா மட்டும் பர்னர் பக்கத்தில் போய், இதற்கு மாற்று என்ன என்று கேட்டார். உன் டிரையர் படத்தைக் காட்டினேன். மற்றவர்கள் வண்டியில் ஏறி அருவிக்குப் போய்விட்டார்கள். மேனேஜர் என்னையும் கூப்பிட்டார், "வாங்க சார், குளிச்சா மனசு லேசாயிரும்" என்று. லேசாகிவிடுமாம்! காறித் துப்பவேண்டும் போல இருந்தது. முதலாளி என்னிடம் பேசவே இல்லை. வேலை போனாலும் போகட்டும். சோதனைக் கூடம் வேறெங்காவது கிடைக்கும்.

அருவருப்பு இன்றைக்கும் போகவில்லை. இனிமேல் சாரல் அடித்தால் எனக்கு இப்படித்தான் இருக்கும் போல. உன் எலுமிச்சம்பழக் கட்டியை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். துருப்பிடித்துவிட்டது. நீ சொன்ன மற்றொரு கட்டி வரவில்லை, அதனால் இதைத் தூரப்போட எனக்கு இன்னும் உரிமை இல்லை.

இப்போது மில்லுக்குக் கிளம்புகிறேன். சோதனைக் கூடத்துக்குப் போகுமுன் யார்டுக்குப் போவேன். குவியலின் அடியில் கைவிட்டு ஒரு துண்டை உருவிக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். பையன்கள் என்னைக் கேலி செய்யட்டும். அந்தப் பர்னரை நிஜமாகவே அணைக்கிற நாள் ஒன்று வரும்லே. அன்றைக்கு அதை அணைக்கிறவன், உன் டிரையரிலிருந்து வந்த இரும்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அணைப்பான். அதுவரை அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி எரியும்.